ரேஸ் பைக்கும் ரெக்கார்டு நோட்டும்: இருங்காட்டுக்கோட்டைக்கு ஏன் ஒரு பள்ளிக்கூடம் தேவை?

ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் 13 வயதுப் பையன் பைக் ஓட்டினால் என்ன ஆகும்? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. அதே ஹைவேயை ஒட்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குள் போனால் கதை வேறு. அங்கே முறையான போட்டி லைசென்ஸோடு, ஹெல்மெட்டும் லெதர் சூட்டும் மாட்டிக்கொண்டு வந்தால் கைதட்டுவார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. டிராக்கில் எதிரே லாரி வராது, மார்ஷல்கள் இருப்பார்கள், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்துக்குப் பிறகு, 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திறந்த டிராக் இது. சுற்றிலும் ஹூண்டாய் தொடங்கி ஒரகடத்தின் ராயல் என்ஃபீல்டு வரை வண்டி செய்யும் ஊர்.

ஆனால் 2023 ஆகஸ்ட் 5 அன்று, இதே டிராக்கில் தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில் கீழே விழுந்த பெங்களூரு பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வயது 13. உடனே குறைந்தபட்ச வயது பற்றிய கேள்வி எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். 2021-ல் ஐரோப்பாவில் 14, 15, 19 வயது வீரர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்த பிறகு, கிராண்ட் பிரீ பைக் பந்தயத்துக்கான வயதை 2023-லிருந்து 18 ஆக்கியது சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.எம்.

வயதைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவில்லை.

ரேஸ் வார இறுதி என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையே பிராக்டிஸ். வெளியூர்ப் பிள்ளைக்கு வியாழனும் போச்சு. சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை வேண்டும். தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குச் சலுகை உண்டு, தேர்வுத் தேதி மோதினால் தனியாக எழுதவும் வழி உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அது லீவுக்கான அனுமதி மட்டுமே. விட்ட பாடத்தை யார் நடத்துவது? இப்போதைக்கு அம்மா, டியூஷன் மிஸ், நண்பன் அனுப்பும் வாட்ஸ்அப் போட்டோ. அவ்வளவுதான்.

ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் ஸ்டாம்ஸ் என்ற ஊரில் 1967 முதல் ஒரு பனிச்சறுக்குப் பள்ளி நடக்கிறது. அல்பைன் ஸ்கீ பந்தயமும் செங்குத்துச் சரிவில் அசுர வேகத்தில் பாய்கிற ஆட்டம்தான்; சீசன் முழுக்கப் பிள்ளைகள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். அந்தப் பள்ளி செய்த காரியம் ரொம்ப எளிமையானது. நான்கு ஆண்டில் முடிக்கும் மேல்நிலைப் படிப்பை ஐந்து ஆண்டாக நீட்டிவிட்டது. பாடத்தைக் குறைக்கவில்லை, காலத்தைக் கூட்டியது. பந்தயத்தில் ஜெயிக்காதவர் கையிலும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சான்றிதழ் இருக்கும்.

நம் ஊரில் ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தால் 'ஃபெயிலா?' என்று சொந்தக்காரர்கள் விசாரிப்பார்கள். உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது.

இது மார்க் பற்றிய கவலை மட்டும் அல்ல, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. படிப்பை ஓரங்கட்டிவிட்டு ரேஸையே நம்பியிருக்கும் 15 வயதுப் பிள்ளை, மணிக்கட்டு வலித்தாலும் 'வலிக்கலை' என்றுதான் சொல்லும். அடுத்த ரவுண்டை விட்டால் எல்லாமே போய்விடும் என்ற பயம். திங்கட்கிழமை திரும்பிப் போக ஒரு வகுப்பறை இருக்கிற பிள்ளைக்கு 'இந்த வாரம் வேண்டாம்' என்று சொல்வது கொஞ்சம் சுலபம்.

ஒரகடம் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. பைக்கை அசெம்பிள் செய்யும் தொழிலாளியின் மகளுக்கு அந்த டிராக், பஸ்ஸில் போகும்போது காதில் விழும் சத்தம் மட்டுமே. லெதர் சூட், பயிற்சிக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் பெற்றோர் தலையில் விழும் வரை இது வசதியுள்ள வீட்டு விளையாட்டாகத்தான் இருக்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தடகளம், ஹாக்கி போன்ற விளையாட்டுகளுக்கு விடுதி நடத்துகிறது. டிராக்கும் தொழிற்சாலைகளும் இன்ஜினீயரிங் கல்லூரிகளும் ஒரே இடத்தில் இருக்கும் இந்தப் பகுதியில், பைக் கம்பெனிகளும் அரசும் சேர்ந்து அப்படி ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்க முடியாதா? முதல் பேட்ச் இருபது பேர் போதும். பிளஸ் டூவை மூன்று வருஷத்தில் எழுதட்டும். ரேஸர் ஆகாதவர் மெக்கானிக்காகவோ, டேட்டா இன்ஜினீயராகவோ பக்கத்து கேட்டிலேயே வேலைக்குப் போகலாம்.