எதற்கான உரிமை?

போன ஆடி பதினெட்டுக்கு செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கீழேயிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருந்த நண்பர்களோடு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர் நன்றாகப் படிப்பவர், மேடையில் பேசுபவர், மாநில உரிமைக்காக உண்மையாகவே கவலைப்படுபவர். ஓரி சிலையைப் பார்த்துவிட்டு வந்தவர் பேச ஆரம்பித்தார். "தோழர், சின்ன நாட்டைப் பெரிய அரசு விழுங்குறதுதான் எல்லா வரலாறும். காரி ஓரியைக் கொன்னு கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அமெரிக்காவுல லிங்கன் தெற்கு மாநிலங்களை நசுக்குனாரு. அடிமை ஒழிப்புங்கறதெல்லாம் ஜெயிச்சவன் எழுதுன கதை. அது மாநில உரிமைப் போர்."

மேசையில் இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். நான் டீயை வைத்துவிட்டு, "அந்த மாநிலங்கள் எதைச் செய்யறதுக்கு உரிமை கேட்டாங்க தோழர்?" என்றேன். அவர் சிரித்தார். பேச்சு மிளகு விலைக்குப் போய்விட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை இப்போது நம் ஆட்களிடையே நன்றாகவே விற்பனையாகிறது.

முதலில் பிரிந்து போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. ஏன் பிரிகிறோம் என்று ஒரு பிரகடனமும் வெளியிட்டது. அதில் இருக்கும் முக்கியமான குறை என்ன? வட மாநிலங்கள் தப்பியோடி வந்த அடிமைகளைத் திருப்பி அனுப்ப மறுக்கின்றன, அடிமையைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் வழியாகப் போகக்கூட விடமாட்டேன் என்கிறார்கள், அடிமை ஒழிப்புச் சங்கங்களை நடத்தவிடுகிறார்கள். அதாவது, வட மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் தெற்கின் புகார். 1850-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தை மத்திய அரசைக் கொண்டு நிறைவேற்றியபோது, அதே தெற்கத்திக்காரர்களுக்கு மத்திய அதிகாரம் கசக்கவில்லை. பாஸ்டன் தெருவில் ஒரு கறுப்பரைப் பிடித்து விலங்கு மாட்ட அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மிசிசிப்பியின் பிரகடனம் இன்னும் நேரடி. எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிப்பிணைந்தது என்று அது ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவான்னாவில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். அவர்கள் எழுதிய அரசியல் சட்டத்தையும் பார்க்கலாம். அடிமை உடைமையை மறுக்கும் சட்டத்தை அவர்களுடைய காங்கிரஸ் இயற்றவே கூடாது. எந்த மாநிலத்துக்காரரும் தன் அடிமைகளோடு வேறெந்த மாநிலத்துக்கும் போய் வரலாம், அதைத் தடுக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை கிடையாது. மாநில உரிமைக்காகப் பிறந்ததாகச் சொல்லப்படும் நாட்டில் மாநிலத்துக்குக் கிடைத்த உரிமை இவ்வளவுதான்.

1860 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். தெற்கு என்று நாம் சொல்லும்போது இவர்களைக் கணக்கில் சேர்க்கிறோமா? பிரிந்த 11 மாநிலங்களின் சுமார் 90 லட்சம் மக்களில் 35 லட்சம் பேர் அடிமைகள். மூன்றில் ஒருவருக்கு மேல். அவர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

நண்பர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. லிங்கன் போரை ஆரம்பித்தது அடிமைகளை விடுவிக்க அல்ல. இருக்கிற இடத்தில் அடிமை முறையைத் தொடமாட்டேன் என்று பதவியேற்பு உரையிலேயே வாக்குக் கொடுத்தார். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அதையே செய்வேன் என்று 1862 ஆகஸ்டிலும் எழுதினார். ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து போன்ற அடிமை மாநிலங்களுக்கு 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் பொருந்தவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் வடக்கு ஏன் சண்டை போட்டது என்பதற்கான பதில். தெற்கு ஏன் பிரிந்தது என்பது வேறு கேள்வி. அதற்குத் தெற்கே எழுத்தில் பதில் சொல்லிவிட்டது.

போரின் போக்கை மாற்றியது யார்? 1861 மே மாதம், சம்டர் கோட்டையில் குண்டு விழுந்து ஒன்றரை மாதம்கூட ஆகாதபோது, வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் படகில் தப்பி வந்தார்கள். தளபதி பட்லர் அவர்களைத் திருப்பித் தரவில்லை. 'எதிரியிடம் கைப்பற்றிய பொருள்' என்று ஒரு சட்டச் சொல்லைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். கேவலமான சொல்தான். ஆனால் அந்த மூன்று பேருக்குப் பின்னால் ஆயிரமாயிரமாக வந்தார்கள். தோட்டங்களில் வேலை நின்றது. இதை அடிமைகளின் பொது வேலைநிறுத்தம் என்றே டு பாய்ஸ் 1935-ல் எழுதினார். பிறகு சுமார் 1,80,000 கறுப்பர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், 1864 செப்டம்பரில் அட்லாண்டா, 1865 ஏப்ரல் 9 அன்று அப்பொமாட்டக்ஸில் லீயின் சரணாகதி. ஆறு லட்சத்துக்கும் மேல் பிணங்கள். அந்த டிசம்பரில் 13-ஆவது திருத்தம்.

இதெல்லாம் தெரிந்தும் நம் ஆட்களுக்கு இந்தக் கதை ஏன் இனிக்கிறது? ஒரு காரணம், அடிமை என்றால் நமக்கு அது வேறு யாரோ. கறுப்பர், பருத்திக் காடு, சாட்டை. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1833-ல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விட்டுவிட்டது. அடிமை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. காலியான கரும்புத் தோட்டங்களுக்கு, அடுத்த வருடத்திலிருந்தே, மொரீஷியஸுக்கு நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியது. இங்கே 1843-ல் வந்த சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. போர் இல்லை, ரத்தம் இல்லை, அமெரிக்காவுக்கு 22 வருடம் முன்னால் நாம் 'விடுதலை' ஆகிவிட்டோம். பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். பத்திரத்தில் 'அடிமை' இருந்த இடத்தில் 'கடன்' வந்து உட்கார்ந்தது.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் இந்த மலைக்காரன், மலையாளி. கேரளத்துக்காரர் என்று நினைக்கவேண்டாம், இந்தப் பழங்குடிக்கு அதுதான் பெயர். என் சித்தப்பா 2000-க்குப் பிறகு ஒரு வருடம் மரவள்ளிக்கு விலை போகாமல், கீழே ஒரு செங்கல் சூளைக்காரரிடம் 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். சித்தியும் இரண்டு பிள்ளைகளும் கூடப் போனார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மண் குழைக்க வேண்டும், விடியும்வரை கல் அறுக்க வேண்டும். மூன்று வருடம் அறுத்தும் கணக்கில் 15,000 என்பது 22,000 ஆனது. அப்பாயி செத்தபோது சேதி சொல்லப் போனவன் நான்தான். மேஸ்திரி ரொம்ப அமைதியாகச் சொன்னார்: "போயிட்டு வரட்டும் தம்பி. பெரிய பையன் மட்டும் இங்க இருக்கட்டும்." பதினோரு வயசுப் பையனை அடமானமாக வைத்துவிட்டுத்தான் சித்தப்பா தன் தாய்க்குக் கொள்ளி வைத்தார்.

அவர்கள் வெளியே வந்தது ஒரு சட்டத்தால். 1976-ஆம் வருடக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். ஆர்டிஓ கையெழுத்திட்ட ஒரு தாள், கடன் செல்லாது, இவர் விடுவிக்கப்பட்டார் என்று. அந்தச் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலை அரசு தமிழ்நாட்டின் திமுக ஆட்சியைக் கலைத்தது. ஒன்பதே நாளில், பிப்ரவரி 9 அன்று, அதே டெல்லியிலிருந்து இந்தச் சட்டம் வந்தது. 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட சட்டமன்றத்தை நசுக்கிய அதே கை.

நெருக்கடி நிலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கலைப்பு அநியாயம். எங்கள் மொழி, எங்கள் பள்ளிக்கூடம், எங்கள் வரிப்பணம் பற்றி டெல்லி முடிவெடுப்பதை இன்றைக்கும் எதிர்க்கிறேன். ஆனால் என் சித்தப்பாவுக்கு மாநில உரிமை என்று மட்டும் சொன்னால் போதாது. அடுத்த கேள்வியை அவர் கேட்பார்: அந்த உரிமையை வைத்து யாரை விடுவிப்பீங்க, யாரைக் கட்டி வைப்பீங்க? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் சுயாட்சிக்குத் தெற்கின் கொடியைக் கடன் வாங்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கொடியைக் கடன் வாங்குபவர் கேள்வியையே அழித்துவிடுகிறார்.

விடுதலைக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் விடுதலையான குடும்பங்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கச் சொன்னார். லிங்கன் கொல்லப்பட்டார். ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருடம் முடிவதற்குள்ளேயே நிலத்தைப் பழைய எஜமானர்களிடம் திருப்பினார். அடிமைகள் வாரக் குத்தகைக்காரர்கள் ஆனார்கள், மறுபடி கடன். 1877-ல் மத்தியப் படைகள் பின்வாங்கியதும் 'மாநில உரிமை' மீண்டும் வந்தது, கறுப்பரின் வாக்குரிமையைப் பறிப்பதற்காக.

சித்தப்பாவுக்கு மறுவாழ்வுத் தொகை 20,000 என்று அரசுத் திட்டம் சொன்னது. அன்றைக்கே ஆயிரம் கொடுத்தார்கள். மிச்சம் வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவர் இன்னொரு சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டிருந்தார். அந்த விடுதலைச் சான்றிதழை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார், இன்னும்.

ஓரி கொடுத்ததைப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். தோற்றவன்தான், ஆனால் ஆள் விற்கும் உரிமைக்காகச் சண்டை போட்டான் என்று ஒருவரும் பாடவில்லை. தோழர், அடுத்த ஆடிக்கும் வாங்க. டீ நான் வாங்கித் தருகிறேன். ஓரியை மட்டும் அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.