அம்மைத் தழும்பும் ஆள்வோர் ஆணையும்

எறையூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அறுபது அகவையைக் கடந்த பெரியோர்தம் கையை உற்று நோக்கினால் வட்டமான தழும்பொன்று தென்படும். அம்மை குத்திய வடு அது. இன்றைய மாணவர் பலர் அதனை அறியார். அறியாதிருத்தல் நற்பேறே, பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததாக 1980 மே திங்களில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அத்தழும்புகள் யாவும் மக்கள் மனமுவந்து ஏற்றவை அல்ல.

இந்தியாவில் முதன்முதலாக 1802ஆம் ஆண்டு பம்பாயில் மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. 1880இல் வந்த சட்டம், அது நடைமுறைக்குக் கொணரப்பட்ட நகராட்சிகளிலும் படைவீட்டுப் பகுதிகளிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது; மரபுவழி வந்த பழைய முறையைத் தடையும் செய்தது. மக்கள் எதிர்த்தனர். அறியாமை என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அக்காலத்தே ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்தினின்றும் நீரெடுத்து மறு குழந்தையின் கையில் குத்தினர். தன் குழந்தையின் புண்ணைக் கீறவிடத் தயங்கிய தாயை நாம் பேதை எனலாமோ?

1897இல் கொள்ளை நோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள்; அவற்றுள் குடிமகனின் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிளேக் நோயாளிகளைத் தேடிப் படைவீரர் புணே நகர வீடுகளுக்குள் புகுந்தனர். அதன் விளைவாக மூண்ட சினத்திற்கு, அப்பணியை நடத்திய அதிகாரி ராண்ட் இரையானார். அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணம் புறப்படுவதும் தடுக்கப்பட்டது. அடிமை நாட்டில் இயற்றிய அதே சட்டத்தைத்தான் 2020இல் கொரோனா பரவியபோது விடுதலை பெற்ற நாடும் கையில் எடுத்தது என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில் பீகார் மாநிலத்துச் சிங்பூம் பகுதியில் நிகழ்ந்த ஒன்றை, அப்பணியில் ஈடுபட்ட அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் பிரில்லியன்ட் எழுதியுள்ளார். பழங்குடித் தலைவர் ஒருவர், நோய் இறைவன் விருப்பம் எனக் கூறி அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். இரவில் கதவை உடைத்துப் புகுந்த குழுவினர் அவரை அமுக்கிப் பிடித்துக் குத்தினர். எல்லாம் முடிந்தபின் அம்முதியவர் தம் தோட்டத்து வெள்ளரிக்காயைப் பறித்து, வந்தவர்க்கு விருந்தாக அளித்தாராம். நோய் ஒழிந்தது உண்மை. அவ்வெள்ளரிக்காய்க்கு மருத்துவ உலகம் இன்னும் விடை கூறவில்லை என்பதும் உண்மை.

நம் தமிழகத்து வரலாறு வேறோர் உண்மையைப் புலப்படுத்துகிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி நாடெங்கும் போடப்பட்ட காலத்தில், 1955இல், மூதறிஞர் இராஜாஜி அதனை வெளிப்படையாக எதிர்த்தார். படிப்பறிவில்லாதவர் என்று அவரை ஒதுக்குதல் யார்க்கும் இயலாது. அவ்வூசிக்குக் கட்டாயச் சட்டம் இல்லை என்றனர். பள்ளியில் வரிசையில் நிறுத்தப்பட்ட சிறுபிள்ளைக்கு மறுக்கும் உரிமை எங்ஙனம் வாய்க்கும்? பின்னர் 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே பேராய்வொன்று தொடங்கிற்று. பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசவகைகளை அது தடுப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகின்றனர், போடவும் வேண்டும். ஆக, இராஜாஜி கூறியதனைத்தும் சரியன்று. அவர் வினவியது மட்டும் தவறன்று.

எனின், தனிமனித உரிமைக்கு எல்லையே இல்லையா? உண்டு. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர். நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அவ்வூரைவிட்டு ஓடாதீர் என்பது அண்ணல் நபிகள் (ஸல்) காட்டிய நெறி. ஷாம் நாடு நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே நோய் பரவியது கேட்டு வழியிலேயே திரும்பினார்கள். என் கால் எங்குச் செல்லலாம் என்பதில் பிறர் உயிரும் அடங்கியிருக்கிறது. ஆனால் நடமாட்டத்தைத் தடுப்பது வேறு. உடலைத் துளைப்பது வேறு. 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஏறத்தாழ இவ்வேறுபாட்டையே ஏற்றது: எவரையும் வலிந்து ஊசி போடச் செய்தல் ஆகாது, பொதுநலன் கருதித் தேவைக்கு ஏற்ற அளவில் கட்டுப்பாடு விதிக்கலாம். ஊசியின் ஆய்வு விவரங்களையும் பக்கவிளைவுகளையும் மக்கள் அறியச் செய்யவேண்டும் என்றும் அது பணித்தது. இப்பணிப்பே தீர்ப்பின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

ஹஜ் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைத் தயக்கமின்றிப் போட்டுக்கொள்கின்றனர். காரணம் அவர்களுக்குத் தெரியும். 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசியை நம் மாநிலத்துப் பள்ளிகளில் போட வந்தபோதோ, செல்பேசி வழியே பரவிய வதந்தி கேட்டுப் பெற்றோர் பலர் அஞ்சினர். அவ்வச்சத்திற்கு ஆணை மருந்தன்று. எறையூர் ஆயினும், இலப்பைக்குடிகாடு ஆயினும், ஊசி போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே செவிலியரும் மருத்துவரும் ஊர்ப்பெரியோர் முன்னிலையில் தாய்மாரைக் கூட்டி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் விடை சொல்லட்டும். ஜமாஅத்தார் அதற்கு இடம் கொடுக்கட்டும். நம் மாணவரும் உடன் சென்று உதவட்டும்.