சின்ன நாய்க்கு எந்த ஹார்னஸ்?

செல்லப்பிராணிக் கடையில் ஹார்னஸ் கேட்டால் கடைக்காரரின் முதல் கேள்வி, "என்ன ஜாதி சார்?" என்பதாகத்தான் இருக்கும். பொமரேனியன் என்றால் உடனே ஒரு 'ஸ்மால்' வந்து மேஜையில் விழும். பக் என்றால் 'மீடியம்'. டாஷுண்ட் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டுப் பாருங்க, சேரலைன்னா மாத்திக்கலாம்" என்பார். மூன்றில் அந்தக் கடைசிப் பதில்தான் நியாயமானது. தமிழ்நாட்டில் பொமரேனியன் என்ற பெயரில் வளரும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியனுக்கு இருக்க வேண்டிய எடை மூன்றரை கிலோவுக்குள். ஸ்பிட்ஸில் சின்ன ரகமே 5 கிலோவுக்கு மேல் நிற்கும். பெரிய ரகம் 12 கிலோவையும் தாண்டும். ஜாதியின் பெயரை வைத்து அளவு எடுப்பவர் எந்த நாய்க்கு எடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

சின்ன நாய்க்கு ஹார்னஸ் எதற்கு, காலரிலேயே கயிற்றை மாட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் நாயின் கழுத்துக்குள் இருக்கிறது. மூச்சுக்குழாய் சுருங்கிவிடாமல் விரித்து வைத்திருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். அவை முழு வளையங்கள் அல்ல. முதுகைப் பார்த்த பக்கம் திறந்திருக்கும். அந்த இடைவெளியைச் சவ்வும் தசையும் மூடியிருக்கும். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, மால்டீஸ், டாய் பூடுல் போன்ற குட்டி ஜாதிகளில் சில நாய்களுக்கு வயதாக ஆக இந்தக் குருத்தெலும்பு தளர்ந்து குழாய் தட்டையாகிவிடும். உற்சாகத்தில் குதிக்கும்போதோ கயிறு இழுபடும்போதோ வாத்து கத்துவது போல ஒரு வறட்டு இருமல் வருவது அதற்கு அடையாளம். காலர் போட்டதால்தான் இந்த நோய் வந்தது என்று சொல்வது சரியல்ல. வலுவில்லாத குருத்தெலும்புதான் அடிப்படை. ஆனால் கழுத்தில் விழும் ஒவ்வொரு இழுப்பும் அதைக் கிளறிவிடும். உடல் பருமனும் வெயிலும் பதற்றமும்கூட அப்படித்தான்.

கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காலரில் இழுவிசை கொடுத்தபோது நாய்களின் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடியது. அதே விசையை ஹார்னஸில் கொடுத்தபோது அப்படிக் கூடவில்லை. பக், ஷீட்ஸூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை, கண் வெளியே பிதுங்கியே இருக்கும். அவற்றுக்கும் கண் அழுத்த நோய் உள்ள நாய்களுக்கும் காலரில் விழும் இழுப்பு கூடுதல் ஆபத்து. அகலமான, பஞ்சு வைத்த காலர் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் 2020ல் சோதித்தார்கள். செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைக் காலர்களை மாட்டி இழுத்துப் பார்த்ததில், இழுக்கும் நாய்க்குக் காயம் வராது என்று சொல்லும் அளவுக்கு எந்தக் காலரும் அழுத்தத்தைக் குறைக்கவில்லை. ஆகவே குட்டி நாயைப் பொறுத்தவரை கழுத்தா மார்பா என்ற வாதம் முடிந்துபோன ஒன்று. காலரைத் தூக்கி எறிய வேண்டாம். பெயரும் போன் நம்பரும் எழுதிய தகடு தொங்க ஓர் இடம் வேண்டும். தகடு காலரில், கயிறு ஹார்னஸில்.

முடியாத வாதம் தோள்பட்டையைப் பற்றியது. ஹார்னஸ்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்றில் முன்பக்கப் பட்டை மார்பெலும்பின் மேல் 'ஒய்' எழுத்தாக வந்து சேர்ந்து, முன்னங்கால்களுக்கு நடுவே இறங்கும். மற்றதில் ஒரே பட்டை மார்புக்குக் குறுக்கே, இரண்டு தோள்களையும் தொட்டுக்கொண்டு போகும். முதலாவது நாயின் நடையைத் தடுக்காது, இரண்டாவது தடுக்கும் என்பது நாய் வளர்ப்பவர்களிடையே ஏறக்குறைய வேதவாக்கு. காரணமாகச் சொல்லப்படுவது உடற்கூறு. நாய்க்கு நம்மைப் போல இயங்கும் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடலோடு தசைகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கின்றன, உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அவைதான் தாங்குகின்றன. அந்த இடத்தில் குறுக்கே பட்டை ஓடினால் நடை கெடாதா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019ல் வெளியான ஓர் அளவீட்டில், தோளைத் தடுக்காதது என்று விற்கப்படும் 'ஒய்' வகைதான் குறுக்குப் பட்டை வகையைவிடத் தோள் முன்னோக்கி நீள்வதை அதிகமாகக் குறைத்தது. இரண்டுமே ஓரளவு குறைத்தன. ஒன்பதே நாய்களிடம் எடுத்த அளவு, அதை வைத்து ஒரு வகையைத் தள்ளிவிடவும் முடியாது, இன்னொன்றைக் கொண்டாடவும் முடியாது. இருந்தாலும் நான் சின்ன நாய்க்கு 'ஒய்' வகையையே சொல்வேன், வேறொரு காரணத்துக்காக: குறுக்குப் பட்டை தளர்ந்தால் மேலே ஏறித் தொண்டையில் வந்து உட்காரும். எந்தத் தொண்டையைக் காப்பாற்ற ஹார்னஸ் வாங்கினோமோ அதே தொண்டையில். 'ஒய்' பட்டையைக் கால்களுக்கு நடுவே இறங்கும் வார் கீழே பிடித்து வைத்திருக்கும்.

நடை, தோள் என்று இவ்வளவு பேசுபவர்கள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. நம் தெருவுக்கு அதுதான் முதல் கேள்வி: நாய் பின்வாங்கினால் ஹார்னஸ் கழன்றுவிடுமா?

சென்னையிலோ மதுரையிலோ மாலையில் ஒரு குட்டி நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவருக்கு இது விளக்க வேண்டியதில்லை. முக்குத் திரும்பியதும் மூன்று தெருநாய்கள் எழுந்து நிற்கும். அல்லது ஒரு புல்லட் பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும், எங்கோ ஒரு சரவெடி வெடிக்கும். பயந்த நாய் முன்னால் ஓடாது; நம்மைப் பார்த்தபடியே பின்னால் போகும். தலையைக் குனிந்து, முழங்கையை உடலோடு ஒட்டி, உடம்பைச் சுருக்கிப் பின்னால் இழுக்கும். அந்த ஒரு நொடியில் ஹார்னஸ் அதன் காதுகளைத் தாண்டி நம் கையில் தொங்கும், நாய் ரோட்டில் நிற்கும். முன்னோக்கி இழுப்பதைத் தாங்கும்படி தைக்கப்பட்ட பொருள் அது. பின்னோக்கி இழுத்தால் என்ன ஆகும் என்பதைக் கடையில் யாரும் காட்ட மாட்டார்கள்.

வீட்டிலேயே காட்டிக்கொள்ளலாம். கதவைச் சாத்திவிட்டு ஹார்னஸை மாட்டி, கயிற்றைக் கோத்து, நாய்க்கு முன்னால் அதைப் பார்த்தபடி உட்காருங்கள். ஒரு துண்டு பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டே கயிற்றை அதன் தலைக்கு மேலாக உங்கள் பக்கம் மெல்ல இழுங்கள். கழுத்துப் பட்டை காதுவரை வழுக்கி வந்தால், அல்லது முழங்கை ஒன்று வாருக்குள்ளிருந்து நழுவினால், தெருவிலும் அதுதான் நடக்கும். வார்களை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இறுக்கினால் அக்குள் வெட்டுகிறது, விட்டால் கழல்கிறது என்றால் அந்த ஹார்னஸ் அந்த நாய்க்கு ஆகாது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். தலை சிறுத்து மார்பு ஆழமான நாய்களுக்கும், எப்போதும் மிரளும் நாய்களுக்கும், விலாவின் கடைசிப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வார் சுற்றும் வகை கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட. அது இல்லாவிட்டால் காலர் வளையத்தையும் ஹார்னஸ் வளையத்தையும் ஒரு சின்னக் கொக்கியால் இணைத்துவைப்பது மலிவான காப்பு.

அளவு எடுக்கத் தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், விலா எலும்பு அதிகம் அகன்றிருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்கும் மார்புச் சுற்றளவுதான் முதல் எண். கழுத்தின் அடிப்பகுதி, அதாவது தோளோடு சேரும் இடம், இரண்டாவது. இரண்டையும் எழுதிக்கொண்டு போய், பாக்கெட்டில் அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் ஸ்மால் இன்னொன்றின் மீடியமாக இருக்கும். நாயின் அளவு அட்டவணையின் விளிம்பில் விழாமல் நடுவில் விழும் அளவை எடுத்தால் கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும். ஸ்பிட்ஸுக்கும் பொமரேனியனுக்கும் டேப்பை முடிக்கு மேலே சுற்றினால் கணக்குத் தவறும். முடியை விலக்கித் தோலோடு ஒட்டி எடுக்க வேண்டும். இன்னொன்று: சித்திரை வெயிலுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நல்லதா என்பது தனிப் பேச்சு. ஆனால் வெட்டிய அன்றே ஹார்னஸ் தளர்ந்துவிட்டது என்று பொருள். முடி மறுபடி வளர்ந்ததும் அதே ஹார்னஸ் இறுகும்.

வாருக்குள் இரண்டு விரல் போக வேண்டும் என்ற விதியை எல்லோரும் சொல்கிறார்கள். 10 கிலோ நாய்க்கு அது சரி. 2 கிலோ சிவாவாவுக்கு ஓர் ஆணின் இரண்டு விரல் இடம் என்பது தப்பித்து ஓட விட்ட வழி. ஒரு விரல் படுக்கையாகப் போனால் போதும். அக்குளுக்கும் மார்பு வாருக்கும் நடுவே மட்டும் தாராளமாக இடைவெளி வேண்டும். குட்டையான கால்களுடைய டாஷுண்ட் இந்த இடத்தில்தான் கஷ்டப்படும், ஒவ்வோர் அடிக்கும் வார் உரசும். அதற்கு முதுகும் நீளம், தண்டுவட வட்டு பிதுங்கும் நோய் அதிகம் வரும் ஜாதி. வார் விலா எலும்பின் மேல் நிற்க வேண்டும், பின்னால் மெத்தென்ற வயிற்றுக்குப் போகக் கூடாது. முதுகுப் பிடியைப் பிடித்து அதைப் பெட்டி தூக்குவது போலத் தூக்கவும் கூடாது. தெருநாய் சூழ்ந்து அவசரமாகத் தூக்க வேண்டி வந்தாலும் ஒரு கை மார்புக்கு அடியிலும் ஒரு கை பின்பக்கத்திலும் போகட்டும்.

'இழுக்காத ஹார்னஸ்' என்று ஒரு சரக்கு விற்கிறது. மார்பில் ஒரு வளையம் இருக்கும்; நாய் இழுத்தால் அதன் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். 25 கிலோ லேப்ரடாரைப் பிடிக்கத் திணறுபவருக்கு அது உதவலாம். 4 கிலோ நாய்க்கு அது பெரும்பாலும் தேவையில்லை. கயிறு முன்னங்கால்களில் சிக்கும், மார்புப் பட்டை ஒரு பக்கமாகச் சாயும். இழுக்கும்போது அக்குளில் இறுகும்படி மெல்லிய கயிறு வைத்து விற்பவற்றைத் தொடவே வேண்டாம். முதுகு வளையம் போதும். ஆனால் ஹார்னஸ் போட்டதும் நாய் ஒழுங்காக நடக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பூட்டுவதும் ஹார்னஸ்தான்; இழுப்பதற்கு வசதியான உடுப்பு அது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2021ல் வெளியிட்ட ஆய்விலும் காப்பகத்து நாய்கள் காலரைவிட மார்பு ஹார்னஸில் கூடுதலாக இழுத்தன. இழுக்காமல் நடக்கப் பழக்குவது வேறு வேலை. கயிறு இறுகினால் நின்றுவிடுவது, தளர்ந்தால் நடப்பது. அதற்குப் பொறுமைதான் வேண்டும், பொருள் அல்ல.

நம் ஊர் வெயில் இன்னொரு கணக்கு. உடம்பு முழுவதையும் மூடும் சட்டை மாதிரி ஹார்னஸ்கள் பார்க்க அழகு. அழுத்தமும் பரவலாக விழும். ஆனால் நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், வெயில் நேரத்தில் உஷ்ணத்தின் பெரும்பகுதி மூச்சிரைப்பாகவே வெளியேற வேண்டும். 2003ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் வந்து வீடு வீடாகப் பரவிய பக்குக்கு அந்த மூச்சே சிரமம். பஞ்சு வைத்த கறுப்புச் சட்டையை அதற்கு மே மாதத்தில் மாட்டுவது கொடுமை. வலைத்துணியில் தைத்த, வெளிர் நிறமான, மார்பு மட்டும் மூடும் ஹார்னஸ் போதும். மழைக்காலத்தில் நனைந்த ஹார்னஸை அப்படியே விட்டால் தோல் புழுங்கிப் புண் வரும். மாற்றுக்கு ஒன்று இருப்பது நல்லது. வாருக்கு அடியில் உண்ணி ஒளிந்திருக்கும். கழற்றும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், குறிப்பாக ஷீட்ஸூவுக்கு. இல்லாவிட்டால் அக்குளில் முடி சடை பிடித்துவிடும்.

கயிற்றின் கொக்கியையும் கையில் எடுத்து எடை பாருங்கள். பெரிய நாய்க்குச் செய்த இரும்புக் கொக்கியை 2 கிலோ நாயின் முதுகில் மாட்டினால் நடை முழுக்க அந்தப் பாரம் ஹார்னஸை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். மெல்லிய நைலான் கயிறு, நான்கைந்து அடி நீளம், சின்னக் கொக்கி. தானாக நீண்டு சுருங்கும் கயிறு பூங்காவுக்குச் சரி. ஆட்டோ ஓடும் தெருவுக்கும் அபார்ட்மென்ட் லிஃப்டுக்கும் ஆகாது, நாய் உள்ளேயும் நாம் வெளியேயும் நிற்கும்போது கதவு மூடிவிடும். நடைக்கான ஹார்னஸ் காரில் சீட் பெல்ட் ஆகவும் ஆகாது.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகும் நாய் முதல் நாள் சிலையாக நின்றுவிடலாம். முதலில் தரையில் போட்டு முகரவிடுங்கள், பிறகு கயிறில்லாமல் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் மாட்டுங்கள், சாப்பாட்டு வேளையாக இருந்தால் இன்னும் நல்லது. தலைக்கு மேல் எதையும் நுழைக்கவிடாத நாய்க்கு, கால்களை எடுத்து வைத்து முதுகில் பக்கிள் போடும் வகை ஒத்துவரும், அந்த வகை பின்வாங்கினால் எளிதில் கழலும் என்பதை மட்டும் மறக்காமல். குட்டியாக இருந்தால் ஆறேழு மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வார்களைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும், அதனால் முதல் ஹார்னஸுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். காலரை விட்டு ஹார்னஸுக்கு மாறிய பிறகும் அந்த வறட்டு இருமல் தொடர்ந்தால் கடைக்காரரிடம் இன்னொரு மாடல் கேட்க வேண்டாம். இருமுவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் மேஜையில் ஏற்றியதும் பல நாய்கள் இருமுவதில்லை.