நெஞ்சை நம்பாத விசுவாசம்

தெய்வத்தை நம்புகிறேன் என்று சொல்லும் மனிதன் உண்மையில் நம்புவது தெய்வத்தையா, தெய்வத்தின் பெயரால் தன் நெஞ்சு தனக்கு உரைக்கும் இனிய சொற்களையா என்ற கேள்வியைக் கிறிஸ்தவ வேதம் தயவுதாட்சண்யமின்றிக் கேட்கிறது. எரேமியாவின் ஆகமத்து 17ஆம் அதிகாரத்தில், கர்த்தர்மீது நம்பிக்கை வைத்தவனை நீரோரத்து மரமாகப் போற்றிய தீர்க்கதரிசி, அதை அடுத்தே மனித இருதயத்தின் வஞ்சகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது தற்செயலன்று. எருசலேம் ஆலயம் நிலைத்திருக்கும்வரை தங்களுக்கு அபாயமில்லை என்று திடமாக நம்பிக்கொண்டே, அந்நியரையும் அனாதைகளையும் விதவைகளையும் ஒடுக்கிவந்த பக்திமான்களைத்தான் அவர் கண்முன் கண்டார்.

இந்த வஞ்சகத்தின் ஆழத்தை அறிய ஜான் நியூட்டனின் சரித்திரமே போதும். 1748ஆம் ஆண்டில் அட்லாண்டிக் சமுத்திரத்துப் புயலில் சிக்கிக் கடவுளை நோக்கிக் கூவிய அந்த ஆங்கிலேய மாலுமி, அந்த நாளைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாக இறுதிவரை நினைவுகூர்ந்தார். ஆயினும் 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று முறை ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றவரும் அவரே. தளத்தின்கீழே விலங்கிடப்பட்ட மனிதர்கள் கிடக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி அவர் ஜெபம் நடத்தினார். 1751இல் அந்த அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிட்டது முன்கூட்டியே வெளிப்பட்டபோது, அதைத் தெய்வத்தின் தயவென்று தம் கப்பல் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1754இல் கடலைவிட்டு அவரை விலகச் செய்தது நோயேயன்றி மனச்சாட்சியன்று. பின்னர் 1764இல் குருப்பட்டம் பெற்று, உலகமெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ கீதத்தையும் இயற்றிய அவர், அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டதோ 1788இல்தான்.

அவரை வேஷதாரி என்று ஒதுக்கிவிடுவது சுலபம், நியாயமாகாது. சட்டமும் வர்த்தகமும் கௌரவமான சமூகமும் ஒருமுகமாக ஒப்புக்கொண்டிருந்த தொழிலில் குற்றமிருக்கக்கூடும் என்ற ஐயமே தமக்கு அந்நாளில் எழவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தீமையைச் செய்யென்று நம்மை வெளிப்படையாக ஏவும் இருதயத்தை எதிர்ப்பது எளிது. செய்வது தீமையே அன்று என்று பக்தியின் பாஷையிலேயே சமாதானம் சொல்லும் இருதயத்தை என் செய்வது?

ஆகையால், ஒரு காரியத்தைக் குறித்து ஜெபித்தேன், மனத்தில் சமாதானம் உண்டாயிற்று, எனவே இது தேவசித்தம் என்று நம் சபைகளில் சகஜமாகக் கூறப்படும் நியாயத்தை நான் தயக்கத்தோடேயே கேட்கிறேன். அந்தச் சமாதானம் நியூட்டனுக்கும் குறைவின்றி இருந்தது. வரதட்சணை பேசி முடித்தவரும், சாதி பார்த்துச் சம்பந்தம் செய்தவரும், கூலியாளின் ஊதியத்தைக் குறைத்தவரும் மனநிறைவோடு ஆராதனையில் அமர்ந்திருப்பதை நாம் காணாதவர்களா?

விசுவாசமும் அதே நெஞ்சில்தானே தோன்றுகிறது, நெஞ்சையே நம்பலாகாது என்றால் அது எங்கே வேரூன்றும் என்று ஒருவர் வினவலாம். தன் தீர்ப்பினும் மேலான தீர்ப்புக்குத் தன்னை ஒப்புவிப்பதே விசுவாசம் என்பேன். 139ஆம் சங்கீதத்தைப் பாடியவர் தம் உள்ளத்தை ஆராயுமாறு கடவுளை வேண்டி முடிப்பதன் கருத்தும் அதுவே. அந்தத் தீர்ப்போ, பல வேளைகளில், நம்மால் துன்புற்றவர்களின் வாய்மொழியாகவே நம்மை வந்தடைகிறது. மன்னிப்பு உண்டென்று நம்பாதவன் தன் குற்றமின்மையை ஆயுள் முழுவதும் வாதாடிக் காத்தாக வேண்டும். நம்புகிறவனுக்கோ அந்த வழக்கு முடிந்துவிட்டது, அவன் உண்மையைக் கேட்கலாம். அறுபது வயதைக் கடந்த ஒரு குருவானவர், தம் கைபட்ட தொழிலின் கொடூரங்களைத் தம் பெயரிட்டே அச்சில் அறிக்கையிட முடிந்தது இந்த நம்பிக்கையின் பலத்தினால்தான் என்று நான் கருதுகிறேன். ஒருவருடைய விசுவாசத்தை அளக்க விரும்புவோர், அவர் ஜெபிக்கும் நேரத்தைக் கணக்கிடுவதைக் காட்டிலும், அவர்மீது குறை சொல்ல வந்த ஏழையை அவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று கவனிப்பது மேல்.