குழாயை மாட்டினால் போதுமா?

குட்டி விமானம் என்றால் குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. உண்மையான என்ஜின் வைத்த சிறிய விமானங்கள் பல நாடுகளில் பறக்கின்றன. கீழே நிற்பவர் கையில் ரேடியோப் பெட்டி இருக்கும். மேலே விமானம் குட்டிக்கரணம் போடும்!

இப்படி விமானம் விடுகிறவர்களுக்கு ஓர் ஆசை. என்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டும். அதற்காகப் பளபளப்பான நீண்ட புகைக்குழாய் ஒன்றை வாங்குகிறார்கள். "டியூன்ட் பைப்" என்று அதற்குப் பெயர். பணம் கொடுத்தாகிவிட்டது. மாட்டியும் ஆகிவிட்டது. இனி விமானம் அம்பு போலப் பாயும் என்று காத்திருக்கிறார்கள்.

பாய்வதில்லை. பல சமயம் முன்னைவிட மோசமாக ஓடுகிறது. சில சமயம் மேலே ஏறியதும் என்ஜின் சூடேறி நின்றுவிடுகிறது. விமானம் தலைகுப்புற விழுந்து நொறுங்குகிறது.

உடனே, "குழாய் மோசம்" என்று பழி போடுகிறார்கள். இது அநியாயம். குழாயின் மேல் குற்றம் இல்லை. அளந்து பார்க்காமல் மாட்டியவர் மேல்தான் குற்றம்.

பந்தியில் நடக்கும் கூத்து

இந்தக் குழாய் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு உரியது. பழைய ஸ்கூட்டர்களில் இருந்த அதே வகை என்ஜின்தான். குட்டி விமானத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் மெதனாலும் எண்ணெயும் கலந்து ஊற்றுகிறார்கள்.

இந்த வகை என்ஜினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் ஒரு வாசல் வழியாக வெளியே போகிறார்கள். அதே நேரத்தில் அடுத்த பந்திக்காரர்கள் வேறு வாசல் வழியாக நுழைகிறார்கள். நெரிசலில் புதியவர்கள் சிலரும் சாப்பிடாமலே வெளியே தள்ளப்படுகிறார்கள். என்ஜினுக்குள்ளும் இதே கதைதான். எரிந்த புகை வெளியே போகும்போது, எரியாத புது எரிபொருளும் கொஞ்சம் அதோடு போய்விடுகிறது. சக்தி வீண்!

சரியான குழாய் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதன் வடிவமே வேடிக்கையானது. முதலில் ஒல்லி. பிறகு மெல்ல மெல்ல விரியும். நடுவில், எலியை விழுங்கிய பாம்பு போலப் பருத்திருக்கும். பிறகு மறுபடி குறுகிவிடும்.

வாசல் திறந்ததும் புகை வெடித்துக்கொண்டு குழாய்க்குள் பாய்கிறது. ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலையால் ஓர் இழுப்பு உண்டாகிறது. அந்த இழுப்பு என்ஜினுக்குள் மிச்சமிருக்கும் புகையையும் வெளியே இழுத்துவிடுகிறது. அலை மேலே போய், குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்புகிறது. வெளியே வந்துவிட்ட புது எரிபொருளை மறுபடி உள்ளே தள்ளுகிறது. அந்தக் கணமே வாசல் மூடிக்கொள்கிறது. பந்தியிலிருந்து தள்ளப்பட்டவர்கள் திரும்பவும் இலைக்கு வந்துவிட்டார்கள்!

ஆனால் நேரம் தவறக்கூடாது. நிமிஷத்துக்கு 12,000 சுற்று சுற்றும் என்ஜின், ஒரு விநாடியில் 200 தடவை சுற்றுகிறது. புகை வாசல் ஒவ்வொரு தடவையும் திறந்திருக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் சுமார் 2 பங்கு. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். அலை எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நீளம் தவறினால், கதவு சாத்திய பிறகு வந்த விருந்தாளி கதைதான்.

காடன் பட்ட பாடு

இந்தக் குழாயைப் பற்றிப் பேசும்போது வால்ட்டர் காடன் என்பவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குட்டி விமானக்காரர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியாது. இது வருந்தத்தக்கது.

காடன் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த என்ஜினீயர். எம்.இசட். என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியில் பந்தய வண்டிகளைக் கவனித்தார். இப்படி ஒரு குழாயை முதலில் நினைத்தவர் அவர் அல்ல. ஆனால் 1950-களில், பணமும் நல்ல சாமான்களும் கிடைக்காத நிலையில், அலைகளைக் கருவி வைத்து ஆராய்ந்தார். குழாய், வாசல், சுற்று மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தினார். 1961-ல் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரைச் சக்தி கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம்!

அதே 1961 செப்டம்பரில் ஒரு பரபரப்பு. எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்துக்குப் போனவர், நாடு திரும்பவில்லை. மேற்கே தப்பிவிட்டார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் காரின் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். டெக்னர் ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றார். சுசுகிக்கு அதுதான் முதல் உலகப் பட்டம்.

வளைத்த தகரம் மட்டும் போயிருந்தால் ஒரே ஆண்டில் இது நடந்திருக்குமா? எந்தச் சுற்றுக்கு எந்த நீளம், வாசல் எவ்வளவு உயரம் என்று காடன் கண்டுபிடித்த கணக்கும் கூடவே போயிற்று. காடன் கிழக்கிலேயே இருந்துவிட்டார். 1996-ல் காலமானார்.

யாருக்கு வேண்டும்?

புதிதாக விமானம் விடப் பழகுகிறவருக்கு இந்தக் குழாய் வேண்டவே வேண்டாம். என்ஜினோடு வரும் சாதாரண சைலன்சர் போதும். குறிப்பிட்ட சுற்றை ஒட்டித்தான் இந்தக் குழாய் பலன் தரும். மெதுவாகவும் வேகமாகவும் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகுகிறவருக்கு அதனால் என்ன பயன்? வேகப் போட்டிக்காரர்களுக்கும் வித்தை காட்டும் விமானக்காரர்களுக்கும் அது பயன்பட்டது. இப்போது பல போட்டிகளில் மின்சார மோட்டார் வந்துவிட்டது. அதற்குப் புகையும் இல்லை, குழாயும் இல்லை.

கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் வித்தை விமானங்களில் ஒரு விநோதம் உண்டு. அங்கே குழாயை வைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். விமானம் கீழ்நோக்கிப் பாயும்போது என்ஜின் தறிகெட்டு ஓடாமல் குழாய் பிடித்து வைக்கிறது.

குழாய் வேண்டியே தீரும் என்பவர், முதலில் சற்று நீளமாகவே மாட்ட வேண்டும். சுற்றை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு என்ஜினையும் குழாயையும் சேர்க்கும் பகுதியில் அரை சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். விசிறி சுழலும்போது கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. அது விரலையே வெட்டிவிடும். ஆகாயத்தில் சுற்று கூடும், அப்போது எரிபொருள் போதாமல் என்ஜின் காயும். ஆகவே தரையில் எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாகவே திறந்து வைக்க வேண்டும்.

வெட்ட வெட்டச் சுற்று ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் குறையத் தொடங்கும். அப்படியானால் அரை சென்டிமீட்டர் அதிகமாக வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அனுபவசாலிகள் இதற்காகவே இன்னொரு இணைப்புத் துண்டைக் கைவசம் வைத்திருப்பார்கள்.