மார்கழிக் குளிரும் டர்போ காரும்

மார்கழி பிறந்ததும் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒரு சடங்கு தொடங்கிவிடும். காரை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவார்கள். கேட்டால், "டர்போ வண்டி சார், சூடாகட்டும்" என்பார்கள். இன்னொரு கட்சியினர், ஸ்டார்ட் செய்த கையோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி மிதிப்பார்கள். இரண்டுமே தவறு என்பது, உதிரிபாகத் தொழிற்சாலையில் காலம் கழித்தவன் என்ற முறையில் என் கருத்து.

டர்போ இன்று பணக்காரர் சமாசாரம் இல்லை. 2019இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவில் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் இருந்தது. 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து நிசான் மேக்னைட் வந்தது. அதன் ஒரு லிட்டர் சாதாரண எஞ்சின் 72 குதிரைத்திறன் தரும். டர்போ எஞ்சின் 100 தரும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிப்பதால் வரும் பலம் இது. அந்த அமுக்கும் விசிறியை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுழற்றினால் சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகை சுழற்றினால் டர்போ.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மே மாத 40 டிகிரிக் காற்றைவிட, மார்கழி விடியலின் 20 டிகிரிக் காற்றில் சுமார் 7 சதவீதம் சரக்கு அதிகம். அதனால்தான் காலையில் வண்டி துள்ளுகிறது. ஆனால் காற்று தயாராக இருக்கும்போது ஆயில் தயாராக இல்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் டின்னில் '5டபிள்யூ-30' என்று இருக்கிறதே, அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதை அதற்கு முந்தைய எண் சொல்கிறது.

அப்படியானால் நிறுத்தி வைத்துச் சூடாக்கினால் என்ன? சோக் இழுத்து ஓட்டிய அம்பாசடர் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்றைய எஞ்சின் சும்மா ஓடும்போது மெதுவாகத்தான் சூடேறும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடேறாமல் வேலை செய்யாது. ஆக, மிக மோசமான புகை அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது. தூண் தளத்தில் நிற்கும் கார் விடும் அந்தப் புகை, முதல் மாடியில் தூங்கும் குழந்தையின் ஜன்னலுக்குத்தான் போகிறது.

எஞ்சின் சரியாகச் சூடேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2018இல் சீனாவின் குளிர் மிகுந்த வடபகுதியில் ஹோண்டா சி.ஆர்.வி. டர்போ கார்களில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து ஆயில் மட்டம் ஏறியது. குறைந்த தூரமே ஓடிய வண்டிகளில் தொல்லை அதிகம். நிறுவனம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. நம் குளிர் அந்தக் குளிர் இல்லைதான். ஆனால் தெருமுனைக் கடைக்கு மட்டும் கார் எடுப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

செய்ய வேண்டியது எளிது. ஸ்டார்ட் செய்யுங்கள். சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்யும் அரை நிமிடம் போதும்; கிளம்பிவிடலாம். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் மிதிக்காமல், 2,500 சுற்றுக்குள் போங்கள். டேஷ்போர்டில் தெரியும் சூடு தண்ணீருடையது. ஆயில் சூடாக இன்னும் சற்று நேரம் ஆகும். டிசம்பரில் உறைபனி பார்க்க ஊட்டி போகிறவர்களுக்கும் இதேதான். மலையேறி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கொதிக்கும் டர்போவில் தேங்கும் ஆயில் கருகும்.

ஷோரூமில் கார் ஒப்படைக்கும்போது செல்போனை இணைத்துக் காட்டக் கால் மணி நேரம் செலவிடுகிறார்கள். இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்து சாவியோடு கொடுக்கலாமே. இங்கே கார் செய்கிற பிள்ளைகளே இன்று கடன் போட்டு அதே காரை வாங்குகிறார்கள். தவணை முடியும்வரையாவது எஞ்சின் நன்றாக இருக்க வேண்டும்.