புறத்தார் மதியும் அரசின் பொறுப்பும்

நாட்டைக் காக்கும் வகையினை அரசு யாரிடம் கேட்டறிதல் வேண்டும்? முடியுடை வேந்தர் காலத்தில் எழுந்த இவ்வினா, குடியாட்சி நிலவும் இக்காலத்திலும் விடை முற்றுப்பெறாது நிற்கின்றது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பீற் ஹெக்செத், தம் அமைச்சுக்கு வெளியிலிருந்து அறிவுரை கூறிவந்த குழுக்களின் உறுப்பினர் அனைவரையும் ஒரே கட்டளையால் பணியினின்றும் விடுவித்தார். பலரும் இதனை ஒருநாட் செய்தியாகப் படித்து மறந்திருத்தல் கூடும். ஆயினும் அத்துணை எளிதிற் கடந்து செல்லத்தக்க செய்தியன்று இது.

இதற்கு முன்னரும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2020 நவம்பரில், ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பின் முதலாவது ஆட்சி முடியுந் தறுவாயில், பாதுகாப்புக் கொள்கைக் குழுவினின்றும் ஹென்றி கிசிங்கர், மடலின் ஓல்பிரைட் முதலிய பழம்பெரும் இராஜதந்திரிகள் நீக்கப்பட்டனர். 2021 பெப்ரவரியில், அடுத்து வந்த ஆட்சியின் பாதுகாப்பு அமைச்சர் லொயிட் ஒஸ்ரின், 40க்கு மேற்பட்ட குழுக்களை மறு ஆய்வுக்கு உட்படுத்தி, நூற்றுக்கணக்கான உறுப்பினரை விலக்கினார். ஐந்தாண்டு எல்லைக்குள் மும்முறை இக்களையெடுப்பு நடந்தது. ஆட்சி மாறுந்தோறும் அறிவுரைப்போரும் மாறுவரெனின், அவர் உரைப்பது அறிவோ, அன்றி ஆள்வோரின் விருப்பமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

பழந்தமிழ் வேந்தரைச் சூழ்ந்து ஐம்பெருங்குழு என்றோர் அவை இருந்தமையைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கற்றோர் அறிவர். அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என்னும் ஐவகையினரை அதனுள் அடக்கிக் கூறுவாருளர். இவருள் எவரும் புறத்தாரல்லர். வேந்தன் வென்றால் அவரும் வாழ்வர்; வேந்தன் வீழ்ந்தால் அவரும் உடன் வீழ்வர். தம் சொல்லின் விளைவைத் தாமே சுமக்குங் கட்டுப்பாடு அவர்க்கிருந்தது. ஆயின் அகத்தார்க்கு ஒரு குறையுமுண்டு. சேனாபதிக்குத் தன் படையே பெரிது. தன் துறையின் பெருமைக்கு ஊறுசெய்யும் உண்மையை அவன் காண்டல் அரிது. அக்குறையை நிரப்பவே புறத்தார் வேண்டப்படுகின்றனர்.

பாடசாலையிற் பயிற்றிய ஆசிரியரே வினாத்தாளையும் ஆக்கி, விடைத்தாளையும் தாமே திருத்துவாராயின், மாணாக்கன் உண்மையிற் கற்றது எவ்வளவு என்பது புலப்படாது. ஆதலின் வெளியிலிருந்து ஒரு பரீட்சகரை அழைக்கின்றோம். அவர் நம்மினும் மிகக் கற்றவர் என்பதனாலன்று. நம் வகுப்பில் அவர்க்கு வேண்டியவரும் வேண்டாதவரும் இலர் என்பதனாலேயே அழைக்கின்றோம். புறத்தாரின் பயன் இத்தகைய பற்றின்மையிலேயே தங்கியுள்ளது. அப்பற்றின்மை அழிந்தவழி அவர் அறிவு நாட்டுக்கு உதவாது. அஃது உள்ளவிடத்தும், அவர் கூறியதை ஆராய்ந்து கொள்ளும் பொறுப்பு அரசைவிட்டு நீங்காது. இவ்விரண்டினையுமே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

அமெரிக்க வரலாற்றின் ஒரே பத்தாண்டில் இதற்கு இரு சான்றுகள் அருகருகே கிடைக்கின்றன. 1954ஆம் ஆண்டு, சோவியத் ஒன்றியத்தின் படைவலிமை எத்தகையதென்று வெளியுலகம் அறியமாட்டாதிருந்த காலம். அப்போது ஜனாதிபதியாயிருந்த ஐசன்ஹோவர், இரண்டாம் உலகப்போரில் மேற்கு ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளை நடத்திய தளபதி. போரை இத்துணை அறிந்த அவர், தளபதிகளின் சொல்லோடு அமையாது, திடீர்த் தாக்குதலினின்றும் நாட்டைக் காக்கும் வழியை ஆராயுமாறு, மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜேம்ஸ் கிலியன் தலைமையில் விஞ்ஞானிகளின் குழுவொன்றை அமைத்தார். எடுத்தவுடன் படந்தரும் பொலரோயிட் கமராவை உலகுக்களித்த எட்வின் லாண்ட் என்பாரும் அக்குழுவின் பணியில் ஈடுபட்டார்.

பகைநாட்டின்மேல் மிக்க உயரத்திற் பறந்து படம்பிடிக்கவல்ல ஒற்றை எஞ்சின் விமானமொன்றின் வரைவினை லொக்ஹீட் கொம்பனி முன்னரே விமானப் படையிடம் கொடுத்திருந்தது. துப்பாக்கியில்லாத அவ்விமானம் தன் மரபுக்கு ஒவ்வாததென்று விமானப் படை அதனை ஒதுக்கிற்று. படையினர் கண்ணுக்குப் பயனற்றதாய்த் தோன்றிய அவ்வரைவின் அருமையை லாண்ட் கண்டார். அவரும் கிலியனும் அதனை ஜனாதிபதியிடம் நேரே எடுத்துச் சென்றனர். 1954 நவம்பரில் இசைவு கிடைத்தது. 1956 ஜூலையில் யு-2 விமானம் சோவியத் நிலத்தின்மீது பறந்தது. அகத்தார் காணாததைப் புறத்தார் கண்டனர். அரசும் அதனை ஏற்றுப் பயனடைந்தது.

மூன்றாண்டுகள் சென்றன. 1957இல், அணுக்குண்டுத் தாக்குதலின்போது பொதுமக்களைக் காக்கும் வழியை ஆராயுமாறு றொவன் கெயிதர் தலைமையில் மற்றொரு புறத்தார் குழு அமைக்கப்பட்டது. குழு தனக்கிட்ட வினாவின் எல்லையைக் கடந்து, நாட்டின் பாதுகாப்பு முழுவதனையும் ஆராயத் தொடங்கிற்று. அறிக்கையை எழுதியோருள் முதன்மையானவர் போல் நிற்சே. அவர்கள் எழுதிக்கொண்டிருக்கையிலேயே, அக்டோபர் 4ஆந் தேதி, சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏவிற்று. அமெரிக்க மக்களின் நெஞ்சிற் பேரச்சம் குடிகொண்டது. நவம்பர் 7ஆந் தேதி ஜனாதிபதியின் கையிற் சேர்ந்த அறிக்கையிலும் அவ்வச்சத்தின் சாயல் படிந்திருந்தது. ஏவுகணைகளைப் பெருக்குக, நாடெங்கும் புகலறைகள் கட்டுக, ஐந்தாண்டில் ஏறத்தாழ 4,400 கோடி டொலர் மேலதிகமாகச் செலவிடுக என்பன அதன் சாரம்.

ஐசன்ஹோவர் பொறுமையோடு கேட்டார், பெரும்பகுதியை ஏற்றிலர். யு-2 படங்களிலிருந்து அவர் அறிந்த சோவியத் வலிமை அறிக்கை கூறிய அளவினதன்று. நாட்டையே பாசறையாக்கும் செலவு, காக்கப் புகுந்த வாழ்வினையே கெடுத்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். ஆயின் படங்கள் இரகசியமாதலின், மறுப்பின் காரணத்தை மக்கள் முன்னிலையில் அவரால் விளக்கிக் கூற இயலவில்லை. டிசம்பரில் அறிக்கையின் செய்தி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் வெளியாயிற்று. ஏவுகணையில் அமெரிக்கா பின்தங்கிவிட்டதென்ற கூக்குரல் எழுந்தது. 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் கென்னடி அதனையே ஒரு படைக்கலமாக எடுத்தாண்டார். அவர் பதவியேற்ற பின்னர், 1961 செப்ரெம்பரில், உளவுத் துறையினர் செய்த மதிப்பீடு சோவியத் நாட்டின் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்கான ஏவுதளங்கள் 10 முதல் 25 வரையே என்றது. ஏற்றத்தாழ்வு உண்மையில் இருந்தது. ஆயின் அது அமெரிக்காவின் பக்கமே உயர்ந்திருந்தது.

முதற் குழு தேடித்தந்த கண்ணே இரண்டாங் குழுவின் பிழையை ஜனாதிபதிக்குக் காட்டிற்று என்பதை வாசகர்கள் உற்றுநோக்குதல் வேண்டும். கெயிதர் குழுவினர் கல்லாதவரல்லர், நாட்டுப்பற்று இல்லாதவருமல்லர். கற்றவரையும் அச்சம் ஆட்கொள்ளும் என்பதே அவர் வரலாறு தரும் பாடம். 1961 ஜனவரி 17ஆந் தேதி விடைபெறும் உரையில், படையும் ஆயுதத் தொழிலும் கூடிப் பெறும் செல்வாக்குக் குறித்து ஐசன்ஹோவர் விடுத்த எச்சரிக்கையை உலகம் நினைவில் வைத்திருக்கின்றது. அதே உரையில், நாட்டின் கொள்கை விஞ்ஞான, தொழில்நுட்ப வல்லுநர் சிலரின் கைப்பட்டுவிடலாகாது என்றும் அவர் எச்சரித்தார். அதனை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

இனி, பற்றின்மை ஐயத்துக்குள்ளாகிய வரலாற்றைக் காண்போம். மேலே கூறிய பாதுகாப்புக் கொள்கைக் குழு 1985இல் நிறுவப்பட்டது. 2001இல் பாதுகாப்பு அமைச்சர் றம்ஸ்பெல்ட், றிச்சட் பேர்ள் என்பாரை அதன் தலைவராக்கினார். உறுப்பினர் ஏறத்தாழ முப்பதின்மர், ஊதியமில்லாதவர், எனினும் இரகசியச் செய்திகளைக் கேட்கும் உரிமை பெற்றவர். 2001 செப்ரெம்பர் 11ஆந் தேதித் தாக்குதல் நிகழ்ந்த மறுவாரமே, 19ஆம் 20ஆந் தேதிகளிற் குழு கூடி, ஈராக்கைப் பற்றி ஆராய்ந்தது. அத்தாக்குதலை நடத்தியது ஈராக்கன்று. எனினும் சதாம் ஹுசெயினை வீழ்த்த விரும்பிய ஈராக்கியரான அஹ்மத் சலபி அக்கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார். வேண்டிய விடையைத் தரக்கூடியவரையே சான்றாளராக அழைத்தால், விசாரணையின் முடிவு முன்னரே எழுதப்பட்டதாகும்.

2003 மார்ச்சில், பொதுநல ஆய்வு நிலையமொன்று வெளியிட்ட செய்தி பலரையும் திடுக்கிடச் செய்தது. குழுவினருள் ஒன்பதின்மரேனும், 2001, 2002ஆம் ஆண்டுகளில் 7,600 கோடி டொலருக்கு மேற்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தங்களைப் பெற்ற கொம்பனிகளோடு தொடர்புடையவர் என அது காட்டிற்று. அந்நாளிலேயே, பேர்ள் தொலைத்தொடர்புக் கொம்பனியொன்றுக்கு ஆலோசகராயிருந்தமையும் வெளிப்பட்டது. அக்கொம்பனியின் விற்பனைக்குப் பாதுகாப்பு அமைச்சின் இசைவு வேண்டியிருந்தது. அவர்க்குப் பேசப்பட்ட 7,25,000 டொலருள் 6,00,000 டொலர், அரசு இசைந்தாலன்றிக் கிடையாதது. மார்ச் 27ஆந் தேதி அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். அவர் சட்டத்தை மீறவில்லை என்று அமைச்சின் விசாரணை அதிகாரி அவ்வாண்டு நவம்பரில் முடிவுசெய்தார். அம்முடிவை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் சட்டத்தின் எல்லை வேறு, சால்பின் எல்லை வேறு. தன் உறவினன் எழுதிய விடைத்தாளைத் திருத்தும் பரீட்சகர் நேர்மையாளராகவே இருக்கலாம். அத்தாளை அவர் கையிற் கொடுத்தவர் செய்தது முறையாகாது.

போரைத் தொடங்கியவர் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், குழுவன்று. மாற்றுக் கருத்தினரும் அதில் இல்லாமலில்லை. எனினும் போரை வேண்டிய பேரொலிகளுள் அக்குழுவினர் சிலரின் ஒலியும் ஒன்று. 2003 மார்ச் 20ஆந் தேதி படையெடுப்புத் தொடங்கிற்று. காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல் எங்கும் காணப்படவில்லை. அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 4,500 பேர் உயிரிழந்தனர். ஈராக்கியக் குடிமக்களுள் மாண்டோர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஐம்பெருங்குழுவினர் வேந்தனோடு வீழ்ந்தனர் என்றோமன்றோ? புறத்தார் பிழைபட உரைத்தால் அப்பிழையின் விலையை இறுப்பவர் பிறரே. தம் புதல்வரைப் போர்க்களத்திற் பறிகொடுத்த தாய்மாரும், குண்டுவீச்சில் வீடிழந்த பாக்தாத் நகரத்தாரும் அவ்விலையை இறுத்தனர்.

அண்டை நாடாகிய பாரதத்தின் அனுபவமும் ஒப்புநோக்கத்தக்கது. 1998இல் அமைக்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்குத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தவரான கே. சுப்பிரமணியம் தலைமை தாங்கினார். ஓய்வுபெற்ற அதிகாரியாகிய அவர் முற்றிலும் புறத்தாரெனல் பொருந்தாது. எனினும் அரசாங்கத்தின் பட்டம் பெறுதல் அதிகாரிகளுக்கும் பத்திரிகையாளருக்கும் தகாதெனக் கூறி, 1999இற் பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார். அக்குழு வரைந்த அணுவாயுதக் கொள்கை 1999 ஆகஸ்ட் 17ஆந் தேதி பகிரங்கமாக வெளியிடப்பட்டது. நாட்டினரும் பிறநாட்டினரும் அதனை வாதித்தனர். அரசோ அதனை வரைவு எனவே கொண்டு, 2003 ஜனவரியில் தன் முடிபைச் சில வேறுபாடுகளுடன் அறிவித்தது. அவர் தலைமையிலேயே கார்கில் போர் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கையும், இரகசியப் பகுதிகள் நீக்கப்பட்டபின், 2000ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கருத்துரைத்தவர் யார், முடிவுசெய்தவர் யார் என்பது அங்கே மக்களுக்குத் தெரிந்திருந்தது. இஃது ஒரு நற்பண்பு.

இவற்றிலிருந்து மூன்று அளவைகள் பெறப்படுகின்றன. அறிவுரைப்பவர் தம் சொல்லாற் பொருளூதியம் அடைபவராயிருத்தல் கூடாது. மாறுபட்டுப் பேசுவோரும் அவையில் வீற்றிருத்தல் வேண்டும். இரகசியம் நீங்கியவுடன் அவர் உரைத்தது மக்கள் ஆராய்தற்கு வெளிவருதல் வேண்டும். குழுக்கள் கருத்தளவில் நடுநிலை பெற்றிருத்தல் வேண்டுமென்று அமெரிக்காவில் 1972இலேயே சட்டமியற்றப்பட்டது. சட்டம் உண்டு, அதன் உயிர், குழுவினரைத் தேர்ந்தெடுப்பவரின் மனத்திலேயே இருக்கின்றது.

2025இற் செய்யப்பட்டது போன்று குழுவினர் அனைவரையும் ஒருங்கே விலக்குதல் இந்நோய்க்கு மருந்தாகாது. கிலியன் போன்ற ஒருவர் அவருள் இருப்பாராயின் அவரும் உடன் போய்விடுவர். விலக்கிய இடத்தைத் தமக்கு இசைந்தோரால் நிரப்புதலோ அதனினும் கொடிது. பரீட்சகரே வேண்டாமென்னும் பாடசாலையும், தன் உறவினரையே பரீட்சகராக்கும் பாடசாலையும் ஈற்றில் ஒரே நிலையை அடையும்.

திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்தே சிற்றினஞ்சேராமையை வைத்தார். துணை வேண்டுமென்று கூறியவுடனேயே, எத்துணை ஆகாதென்பதையும் கூறவேண்டியிருந்தது போலும். இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்கும் ஆட்சியாளர் எந்நாட்டில் உளரோ, அந்நாட்டுத் தாய்மார் தம் மக்களைப் படைக்கு அனுப்புங்காற் சிறிது ஆறுதலேனும் அடைவர்.